பழைய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறதா? கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், திருவாரூர் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஏழெட்டு ஷீட் உடைந்து போனது. மறுவாரம் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்து, மிச்சம் நின்ற ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அளவுக்கு அறுத்து, புதுசோடு ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அறுத்த இடமெல்லாம் அரிசி மாவு கொட்டினது போல வெள்ளைத் தூசி. கொடியில் காய்ந்த துணி, திண்ணை, துளசி மாடம், எல்லாவற்றின் மேலும் அதே மாவு. நான் தென்னந்துடைப்பத்தை எடுத்து முற்றம் முழுக்கப் பரபரவென்று பெருக்கினேன், அம்மா துணிகளை உதறி மடித்து வைத்தார், உடைந்த துண்டுகளைக் கொல்லைப்புறத்துப் பள்ளத்தில் கொட்டி மேலே ஏறி மிதித்து மட்டப்படுத்தினோம். இந்தக் கட்டுரையில் நான் செய்யாதீர்கள் என்று சொல்லப்போகிற எல்லாவற்றையும் அன்று ஒரே காலைப்பொழுதில் செய்து முடித்திருந்தோம்.

பழைய வீடு வாங்கியவர்கள், தாத்தா வீடு பங்கில் வந்தவர்கள், வாடகைக்கு ஷீட் வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பயத்தைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்வோம்

தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, இது கல்லுக்குள்ளேயே நாராக விளைகிற கனிமம். எரியாது, மக்காது, இழுத்தால் லேசில் அறாது. அதனால்தான் சிமெண்டோடு கலந்து ஷீட் போட்டார்கள். நம் ஊர் ஷீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிரைசோடைல் என்கிற வெள்ளைக் கல்நார் இருக்கும், மிச்சம் பெரும்பாலும் சிமெண்டும் சாம்பலும்தான். சிமெண்ட் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் வரை நார் வெளியே வராது. உடைத்தால், அறுத்தால், ஓட்டை போட்டால், சுரண்டினால் வரும். வருகிற நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது, தலைமுடியைவிடப் பல மடங்கு சன்னம். காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடும், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது.

அதனால் வருகிற நோய்கள் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த வகைக் கல்நாராக இருந்தாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. "வெள்ளை ஒண்ணும் பண்ணாது" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். நோய் தலைகாட்டப் பத்து வருடமும் ஆகலாம், நாற்பது வருடமும் ஆகலாம். இன்றைக்கு அறுத்தவர் நாளைக்கு இருமுவதில்லை, அதனால்தான் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு கூடும்.

அதே சமயம், ஷீட்டுக்குக் கீழே இருபது வருடம் தூங்கியிருக்கிறோமே என்று பதற வேண்டாம். முழுசாக இருக்கிற ஷீட் சும்மா இருந்தால் பெரிதாக எதையும் உதிர்ப்பதில்லை. நோயில் விழுந்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் வருடக்கணக்கில் தூசியைச் சுவாசித்தவர்கள். அவர்களுடைய வேலைத்துணியைத் துவைத்தே நோய் வாங்கிய மனைவிமாரும் உண்டு. அம்மா துணி உதறியது ஞாபகம் வந்தால் எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இந்தியாவில் இது தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. கல்நாரைத் தோண்டி எடுக்கப் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் இறக்குமதி செய்து ஷீட் போடுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. சிங்கப்பூர் 1989லேயே கட்டடங்களில் பயன்படுத்துவதை நிறுத்தியது, பிரிட்டன் 1999ல், ஆஸ்திரேலியா 2003 கடைசியில். இலங்கை படிப்படியாக நிறுத்தப் பார்த்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி கல்நார் விற்கிற அதே ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்க மறுத்ததும், கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிப்போனது. ஆக, கடையில் விற்கிறார்களே, ஆபத்தாக இருந்தால் விற்பார்களா என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இது அதுதானா என்று பார்ப்பது எப்படி

கூரையில் சாம்பல் நிறத்தில் அலை அலையாக, விளிம்பில் பார்த்தால் சுமார் 6 மில்லிமீட்டர் கனத்தில் சிமெண்ட் ஷீட் இருந்தால், ஆராய்ச்சியே வேண்டாம், கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தகர ஷீட்டா என்ற சந்தேகம் வந்தால் காந்தம் ஒட்டிப் பாருங்கள், தகரம் மெலிசு, தட்டினால் கணீரென்று கேட்கும், துருவும் பிடிக்கும். வெளிச்சம் ஊடுருவினால் அது ஃபைபர். சிமெண்ட் ஷீட்டைத் தட்டினால் மொத்தையாகக் கேட்கும். ஏற்கெனவே உடைந்த ஓரம் இருந்தால் பக்கத்தில் போய் ஊதாமல் பாருங்கள், சன்னமான நார் முடிச்சு முடிச்சாக நீட்டிக்கொண்டிருக்கலாம். பார்ப்பதற்காகப் புதிதாக உடைக்க வேண்டாம், இதைச் சொல்லக் காரணம் நானே உடைத்துப் பார்த்தவன்.

சில ஷீட்டில் கம்பெனிப் பெயரும் ஐ.எஸ்.ஐ முத்திரையும் அழியாமல் இருக்கும். ஐ.எஸ். 459 என்ற எண் தெரிந்தால் அது கல்நார் சிமெண்ட் ஷீட்டுக்கான தர எண், முடிந்தது கதை. வெறும் கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் அதே கம்பெனிகளில் சில கல்நார் இல்லாத ஷீட்டும் இப்போது போடுகின்றன, இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்டு. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் எது இதைச் செய்கிறது என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு உதிர்ந்து கிடக்கும் துண்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்றை நனைத்து எடுத்து, இரண்டு ஜிப் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அனுப்புங்கள். என்னைக் கேட்டால் கூரை ஷீட்டுக்கு இந்தச் செலவே தேவையில்லை. பழைய ஃபால்ஸ் சீலிங், தடுப்புப் பலகை போன்றவற்றைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அனுப்பலாம்.

கூரையோடு விடாமல் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கழிவறையின் காற்றுக்குழாய், மழைநீர் இறங்கும் சாம்பல் நிறக் குழாய், பழைய ஏ.சி. பைப் (இது குளிர்சாதனத்து ஏ.சி. இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்), ஜன்னலுக்கு மேல் நிற்கும் தட்டை ஷீட், பழைய ஃபியூஸ் கட்டைக்கு அடியில் வைத்த அட்டை, கோழிக்கூட்டுத் தடுப்பு, சாக்கடை மூடி, ஏன், குழந்தைகள் பாண்டி ஆட வைத்திருக்கும் சில்லு வரைக்கும். எங்கள் தெருவில் ஓட்டுச் சில்லைவிட ஷீட் சில்லுக்குத்தான் மவுசு, நன்றாகச் சறுக்கும் என்பார்கள். போகி அன்று துண்டைத் தீயில் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் படாரென்று வெடிக்கும், அதுவும் எங்களுக்கு ஒரு பட்டாசு. சில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தீயில் போடவும் விடாதீர்கள்.

நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள்

விரிசல் இல்லை, ஓரம் உதிரவில்லை, மழைக்கு ஒழுகவில்லை என்றால் கழற்றாமல் இருப்பதுதான் முதல் யோசனை. கழற்றுகிற அன்றுதான் தூசி அதிகம். பல வீட்டில் ஆபத்து வருவது ஷீட்டால் இல்லை, ஷீட்டுக்குச் செய்கிற பராமரிப்பால்.

கோடை வந்தால் மேலே வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நல்ல விஷயம்தான், சூடும் குறையும், மேல்பரப்பும் உதிராமல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பெயிண்ட் ஒட்ட வேண்டும் என்று அதற்கு முன்னால் கம்பி பிரஷ் போட்டுப் பாசியை வறட்டு வறட்டென்று தேய்ப்பார்கள் பாருங்கள், அதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. வருடக்கணக்கில் மழையும் வெயிலும் தின்று மேலே சிமெண்ட் கரைந்து நார் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. கார் கழுவும் பிரஷர் மெஷினும் அதே கதைதான், சேறாகத் தெறித்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் காய்ந்து பிறகு பறக்கும். பாசிக்கொல்லி மருந்தைக் கைத்தெளிப்பானில் அடித்து, சாகவிட்டு, ஈரத்தோடு ஈரமாகத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். அதுவும் சாரத்தில் நின்று, அல்லது ஏணியிலிருந்து எட்டுகிற வரை. எட்டாத இடத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து தெரியும் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் அடித்தால் நல்லது.

அப்புறம் ஓட்டை. டிஷ் ஆன்டெனாவுக்கு ஒன்று, கேபிள் ஒயருக்கு ஒன்று, ஃபேன் தொங்கவிட ஒன்று என்று ஷீட்டைச் சல்லடையாக்குவார்கள். ஃபேனை ஷீட் தாங்கும் இரும்பு ஆங்கிளில் மாட்டலாம், ஒயரைச் சுவர் வழியாகக் கொண்டு வரலாம். வேலைக்கு வருகிறவர் டிரில்லை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

வெளிநாட்டில் இதற்கென்று உரிமம் வாங்கிய ஆட்கள் உடம்பு முழுக்க மூடிய உடையோடு வருவார்கள். நம் ஊரில் வீட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. வெல்டிங் பட்டறை ஆளும் இரண்டு உதவியாளரும் வருவார்கள், தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். ஆகவே, முறை தெரிந்தவர் நீங்களாக இருக்க வேண்டும், கூலி பேசும்போதே முறையையும் சேர்த்துப் பேச வேண்டும். கட்டிங் மெஷின் கிடையாது, சுத்தியல் கிடையாது, முழு ஷீட்டாக இறக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலி கூடுதலானாலும் சரி என்று சொல்லுங்கள். பிறகொரு நாள் எங்கள் ஷீட்டை முழுசாகக் கழற்றியபோது நான் இப்படிச் சொன்னதும், வந்த மேஸ்திரி சிரித்துவிட்டு, "சார், இருபது வருஷமா அறுக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றார். வாதாடவில்லை. மாஸ்க்கையும் கூடுதல் கூலியையும் கொடுத்தேன், போட்டுக்கொண்டார்.

நார் பல வருடம் கழித்துத்தான் கொல்லும், தவறி விழுந்தால் அன்றைக்கே முடிந்தது. ஆகவே முதல் விதி, ஷீட் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. பழைய ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், மிதித்தால் அப்பளம். போல்ட் வரிசை மேல் நடந்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள், ஈரமும் பாசியும் சேர்ந்தால் எந்த வரிசையும் காப்பாற்றாது. கீழே சாரம் கட்டி அடியிலிருந்தே வேலை செய்வதுதான் நல்லது. மேலே போயே ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று ஆங்கிளில் உட்காருகிற நீளத்துக்குப் பலகை போட்டு, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி. மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், கூரைக்கு மேலே ஈ.பி. ஒயர் போகிறதா என்றும் பாருங்கள்.

காற்று இல்லாத காலை நேரமாகப் பார்த்து நாள் குறியுங்கள். முந்தின நாளே அறையைக் காலி செய்து, எடுக்க முடியாத பொருளை பாலிதீன் போட்டு மூடி, ஜன்னலைச் சாத்தி, குழந்தைகளையும் பெரியவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், துணி காயப்போடாமல் இருப்பார்கள். கிணறு இருந்தால் மூடுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துண்டு, கர்ச்சீப், ஆஸ்பத்திரி நீல மாஸ்க் இவற்றால் பயனே இல்லை. கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற பி-100 அரை முக மாஸ்க் கிடைத்தால் அதுதான் சரியானது, தூக்கிப் போடுகிற வகை என்றால் எஃப்.எஃப்.பி-3. கொரோனா காலத்து என்-95 மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், இந்த வேலைக்கு அது போதாது. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் பொருந்தாது, மழித்துக்கொள்ள வேண்டியதுதான். முழுக்கை சட்டை, முழு பேண்ட், தலையை மூட ஏதாவது, ரப்பர் கையுறை. எல்லாம் அன்றைக்கே தூக்கிப் போடுகிற பழைய துணியாக இருக்கட்டும்.

இனி முக்கியமானது தண்ணீர். வயலுக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பான், புதிது வாங்கிக்கொள்ளுங்கள், மருந்து அடித்த பழையது வேண்டாம். அதில் ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு மூன்று கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பனி மாதிரி விழும்படி வைத்து ஷீட்டின் இரண்டு பக்கமும் நனையுங்கள். சோப்பு கலந்தால் தண்ணீர் வழிந்து ஓடாமல் உள்ளே இறங்கும். ஹோஸ் பைப்பில் பீய்ச்ச வேண்டாம். ஒருவருக்கு அன்று முழுக்க நனைக்கிற வேலை மட்டும்தான், காய்ந்தால் நனைப்பார், காய்ந்தால் நனைப்பார்.

ஷீட்டை ஆங்கிளோடு பிடித்திருப்பது ஜே போல்ட், அதாவது கொக்கி போல்ட். இருபது வருடத் துருவில் நட்டு திரும்பாது, ஆத்திரத்தில் நெம்பினால் ஷீட் உடையும். முந்தின நாளே துரு எண்ணெய் விடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அடியில் ஆங்கிளைச் சுற்றி வளைந்திருக்கும் கொக்கியை இரும்பு அறுக்கும் ரம்பத்தால் கையால் அறுத்துவிடுங்கள், போல்ட் மேல்பக்கமாக வந்துவிடும். ஓட்டையைச் சுற்றி அந்த நேரத்தில் இன்னொரு முறை நனைக்க வேண்டும். முதலில் முகட்டு ஓடு, பிறகு மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை. போட்டதற்குத் தலைகீழ் வரிசை, அவ்வளவுதான்.

பத்தடி ஷீட் ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும், நனைந்தால் இன்னும் கனக்கும். இழுக்காமல் தூக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று உராய்ந்தாலும் தூசிதான். கயிறு கட்டிச் சாய்வாகப் பலகை மேல் இறக்கிக் கீழே இரண்டு பேர் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலிருந்து "பிடி" என்று போடுகிற வேலையே கூடாது. தரையில் முன்கூட்டியே விரித்த கனமான பாலிதீன் மேல் அடுக்கி, ஐந்தாறு சேர்ந்ததும் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு சுற்று சுற்றி டேப் ஒட்டுங்கள். 200 மைக்ரான் பாலிதீன் என்று கேட்டு வாங்குங்கள். மேலே பெரிய எழுத்தில் "ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதீர்" என்று மார்க்கரில் எழுதுங்கள். வெறும் "ஷீட்" என்று எழுதினால் யாராவது கோழிக்கூட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

முடிந்ததும் துடைப்பத்தைத் தொடக்கூடாது. வீட்டு வேக்கும் கிளீனரும் கூடாது, அது நாரை வடிகட்டாமல் பின்பக்கமாக ஊதும். துண்டுகளை நனைத்துக் கையால் பொறுக்கி, ஆங்கிள், சுவர் மேல்பகுதி, தரை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, துணியைத் திரும்ப அலசாமல் அப்படியே பையில் போட்டுக் கட்டுங்கள். பத்துப் பதினைந்து பழைய வேட்டித்துண்டு ஆகும். பிறகு வெளியிலேயே, மாஸ்க்கைக் கழற்றாமல், துணிகளை நனைத்துக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கடைசியாக மாஸ்க், அதற்குப் பிறகு தலைக்குக் குளியல்.

புயலுக்கு உடைந்த குப்பையும் இதே வழிதான். வீடு திறந்து கிடக்கும்போது மாஸ்க்கைத் தேடிக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். அப்போது ஒன்றே ஒன்றாவது செய்யுங்கள், தண்ணீர் தெளித்துவிட்டுப் பொறுக்குங்கள், பிள்ளைகளை அதன் மேல் நடக்க விடாதீர்கள்.

கட்டி வைத்ததை எங்கே கொடுப்பது

இதுதான் நம் ஊரில் பாதை முடிகிற இடம். கல்நார்க் கழிவு சட்டப்படி அபாயகரமான கழிவுகளோடு சேர்த்துப் பேசப்படுகிறது, அவற்றைப் பாதுகாப்பாகப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து நடப்பது. ஒரு வீட்டுக்காரர் பதினொரு ஷீட்டோடு போய் நிற்கிற கவுண்டர் எதுவும் இல்லை. நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலும், மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "ஏரிக்கரையில போட்டுடுங்க" என்பதே பதிலாக வரும், எழுத்தில் கேட்டால் அப்படி எழுதித் தர மாட்டார்கள்.

காயலான் கடையில் போடாதீர்கள், அங்கே உடைத்துத்தான் அடுக்குவார்கள். தரை போட ரப்பிஷோடு சேர்த்து அடியில் நிரப்பாதீர்கள். சொந்தக் கொல்லையில் ஆழமாகப் புதைத்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது, அடுத்த தலைமுறையில் யாராவது அங்கே அஸ்திவாரம் தோண்டுவார்கள் என்று நினைத்ததும் விட்டுவிட்டேன். முழு ஷீட்டை மாட்டுக்கொட்டகைக்குக் கேட்டு ஆள் வருவார்கள். கொடுப்பதில்லை என்பது என் முடிவு, ஏனென்றால் அங்கே போய் அறுத்து ஓட்டை போட்டுத்தான் மாட்டுவார்கள்.

கூரைக்கு மாற்றாக நான் போட்டது கலர் பூசிய தகர ஷீட், அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்போடு. மழை பெய்தால் போன் பேச முடியாது. பணமும் மரச்சட்டமும் இருந்தால் ஓடு போடுங்கள்.

பழைய பதினொன்றும் இரண்டு கட்டாகக் கொல்லைச் சுவர் ஓரம், செங்கல் மேல், தார்பாய் மூடி இருக்கின்றன. ஊராட்சியில் கொடுத்த மனுவைப் படித்த எழுத்தர், "ஷீட்டுக்கா மனு?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு ரசீது போட்டுக் கொடுத்தார். பாலிதீன் வெயிலில் நொறுங்கும், அதனால் வருடம் ஒரு முறை மேல்சுற்றை மாற்றுகிறேன்.